கேமே ஸ்டாப் வைத்திருக்கிற இடத்தில் விளையாடினால் என்ன தப்பு? தனுஷ்கோடியிலிருந்து ஒரு பதில்

அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு தனுஷ்கோடி போயிருக்கிறீர்கள். இடிந்த சர்ச்சுக்குள் உங்கள் 15 வயது மகன் போனில் போகிமான் கோ என்ற கேமில் போகிமான் என்கிற உருவங்களைப் பிடித்துக்கொண்டிருக்க, வெளியே சங்கு விற்கும் அம்மா ஒருவர் வந்து அவனைச் சத்தம் போட்டிருக்கிறார். "கேமே இங்கே ஸ்டாப் வைத்திருக்கிறது, யாரும் சாமி கும்பிடவில்லை, போர்டு இல்லை, இது வெறும் இடிந்த கட்டடம்தானே" என்று மகன் கேட்கிறான். (ஸ்டாப் என்பது, நிஜ உலகில் உள்ள ஓர் இடத்தைக் கேம் தன் வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிற புள்ளி.) உங்களுக்கும் அவனுக்கும் வழியெல்லாம் வாக்குவாதம். யார் பக்கம் நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டால் அது கேமைப் பற்றிய கேள்வியாகவே எனக்குத் தெரியவில்லை. கதவு இல்லை, காவலாளி இல்லை, செருப்பைக் கழற்று என்று சொல்ல ஆளில்லை. அப்படி ஓர் இடம் நினைவிடம்தான் என்று யார் முடிவு செய்வது? அவன் கேட்பது அதைத்தான். நல்ல கேள்வி. அதற்காகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் பாம்பன்காரன். இருபது வருடத்துக்கு மேலாக வெளியூர்க்காரர்களைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போகிறேன். 2017-இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறக்கும் முன்பு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் தண்ணீரிலும் வேன் ஓட்டிக்கொண்டு போன காலத்திலிருந்து இதே வேலை. என் அப்பத்தா தனுஷ்கோடியில் பிறந்து வளர்ந்தவர். இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். உங்கள் மகன் விளையாடுகிற அதே கேமை நானும் இரண்டு வருடம் விடாமல் விளையாடியிருக்கிறேன். அதனால் "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று ஆரம்பிக்கிற பேச்சு என்னிடம் வராது.

முதலில் அவன் நின்ற இடத்தைப் பற்றி. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அந்த ஊர் போனது. அதற்கு முன்பு அங்கே ரயில்வே ஸ்டேஷன், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சுங்க அலுவலகம் எல்லாம் இருந்தன. மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, இங்கிருந்து கப்பலில் இலங்கையின் தலைமன்னாருக்குப் போவார்கள். அன்று இரவு பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடி ஸ்டேஷனைத் தொடுவதற்குச் சற்று முன்பே அலையில் போய்விட்டது. ஆறு பெட்டியில் இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. அலை 20 அடிக்கும் மேல் எழுந்தது. அதன்பிறகு அரசாங்கம் அந்த ஊரை மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. இவ்வளவும் சந்தேகமில்லாதவை.

எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் கணக்கு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. 1800 என்று பரவலாகச் சொல்கிறார்கள். ரயிலில் மட்டும் 115 பேர் என்கிற கணக்கு டிக்கெட்டையும் ஊழியர்களையும் வைத்துப் போட்டது. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைச் சேர்த்தால் இன்னும் கூடும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நான் கூட்டிப்போகிறவர்களிடம் எண்ணைச் சொல்லும்போது "சொல்லப்படுகிறது" என்று சேர்த்தே சொல்வேன். ஆனால் எந்தக் கணக்கை எடுத்தாலும் ஒன்று மாறாது. கடலோடு போன உடல்களில் பல திரும்பவில்லை. கரை ஒதுங்கிய உடல்களில் பலவற்றை, ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறபடி, கிடந்த இடத்திலேயே மணலில் புதைத்தார்கள். தனிக் கல்லறை, பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. அதனால் அந்த மணல் முழுவதையுமே கல்லறையாக நினைக்கிற மனிதர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தச் சங்கு விற்கும் அம்மா அப்படிப்பட்டவராக இருக்கலாம்.

"யாரும் சாமி கும்பிடவில்லை" என்று மகன் சொன்னதற்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த முறை போனால், பீடம் இருந்த பக்கத்துச் சுவரின் அடியில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். கல் இடுக்கில் உருகி இறுகின மெழுகு இருக்கும். மேலே மணல் படிந்திருப்பதால் நின்றபடி பார்த்தால் தெரியாது. விரலால் தடவினால் வழவழவென்று தட்டும். டிசம்பர் 22, 23-ஆம் தேதிகளிலும், நவம்பர் 2 கல்லறைத் திருநாளை ஒட்டியும், இன்னும் யாருக்கும் தெரியாத ஏதோ சில தேதிகளிலும் ஆட்கள் வந்து ஏற்றிவிட்டுப் போவது அது. ஒரு முறை, சாயங்கால வெளிச்சத்தில், எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றதைப் பார்த்தேன். அழவில்லை, செபமும் சொல்லவில்லை. பத்து நிமிடம் கையை எடுக்கவில்லை. பின்னால் என் வேனில் வந்தவர்கள் குதித்துக் குதித்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு நான் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

சரி, கேம் எப்படி அங்கே ஸ்டாப் வைத்தது? உங்கள் மகனுடைய வாதத்தில் வலுவான பகுதி இதுதான். "கேம் நிறுவனமே அனுமதித்திருக்கிறது" என்று அவன் நினைக்கிறான். நடந்தது அப்படியில்லை. போகிமான் கோ 2016 ஜூலையில் வெளிநாடுகளில் வந்தது, அதே வருடம் டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அதைச் செய்த நியான்டிக் நிறுவனத்துக்கு அதற்கு முன்பே இங்க்ரெஸ் என்று ஒரு கேம் இருந்தது. அதை விளையாடியவர்கள் தங்கள் ஊரில் உள்ள சிலை, கோயில், பழைய கட்டடம், நினைவுத்தூண் என்று போட்டோ எடுத்து அனுப்பினார்கள். அந்தப் புள்ளிகளில் பெரும்பகுதிதான் பின்னால் போகிமான் கோவின் ஸ்டாப்பாகவும், உருவங்களை மோதவிடுகிற ஜிம்மாகவும் மாறியது. புதிய இடங்களையும் விளையாடுகிறவர்களே முன்மொழிகிறார்கள், மற்ற விளையாட்டுக்காரர்கள் வாக்களித்து ஏற்கிறார்கள். அதாவது, "இது பார்க்கத் தகுந்த இடம்" என்று முன்பின் தெரியாத ஒருவர் நினைத்தார் என்பதற்குத்தான் அந்த ஸ்டாப் சாட்சி. "இங்கே விளையாடலாம்" என்று அந்த இடத்துக்கு உரியவர்கள் யாரும் சொன்னதற்கு அது சாட்சி இல்லை. இறந்தவர்களின் நினைவாக நிற்கிற இடங்கள் இந்தக் கேமில் அதிகம் விழுந்ததற்குக் காரணமும் இதுதான். எந்த ஊரிலும் போட்டோ எடுக்கத் தோன்றுகிற இடம் எது? சிலையும் தூணும் கல்வெட்டும்தான். அவற்றில் பல யாரோ இறந்ததற்காக வைத்தவை.

இந்தச் சண்டை உங்கள் வீட்டில் மட்டும் வந்ததில்லை. கேம் வெளிவந்த அதே மாதத்தில் வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் "இங்கே விளையாடாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டது. ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையும் கேட்டது. போலந்தில் உள்ள ஆஷ்விட்ஸ் நினைவிடம் தங்கள் இடத்தையே கேமிலிருந்து எடுத்துவிடச் சொன்னது. ஜப்பானில் ஹிரோஷிமா நகராட்சியும் ஆகஸ்ட் 6 நினைவு நாளுக்கு முன்பாகத் தங்கள் அமைதிப் பூங்காவில் இருந்த ஸ்டாப்புகளை எடுக்கச் சொல்லி, அவை எடுக்கவும் பட்டன. இந்த இடங்களில் கேட்பதற்கு ஓர் அலுவலகம், ஒரு நிர்வாகம் இருந்தது. தனுஷ்கோடிச் சர்ச்சுக்காகக் கேட்பதற்கு ஒரு சங்கு விற்கும் அம்மாதான் இருந்தார், கேட்டார். அவர் கத்தியதை நீங்கள் அவமானமாக எடுத்துக்கொண்டது உங்கள் எழுத்தில் தெரிகிறது. நான் அவரை அந்த இடத்தின் நிர்வாகம் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

அதற்காக, கேம் விளையாடியதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். கூட்டம் கூட்டமாகச் செல்ஃபி எடுப்பதும், டிரோன் விடுவதும், கல்யாணத்துக்கு முந்தைய போட்டோஷூட்டுக்குச் சுவர்மேல் ஏறுவதும் தினம் நடக்கிற இடம் அது. ஒரு பையன் ஓரமாக நின்று விரலை நகர்த்துவது அதைவிடக் குறைந்த தொந்தரவு. ஆனால் கேமுக்கென்று தனியாக மூன்று கெட்ட பழக்கம் உண்டு, அதை நான் என்னிடமே பார்த்தேன். பார்வை முழுவதும் திரையில் இருப்பதால் பக்கத்தில் நிற்கிறவர் யார், என்ன நிலையில் நிற்கிறார் என்று தெரியாது. சத்தம் நம்மை அறியாமல் வரும். கால் எங்கே வைக்கிறோம் என்ற நினைப்பும் போய்விடும். அந்தச் சுவர்கள் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை. அறுபது வருட உப்புக்காற்றில் அரித்து, தொட்டால் உதிர்கிற நிலையில் நிற்கின்றன. ஒருவன் சாய்ந்தால் ஒரு கைப்பிடி அளவு உதிர்ந்து போகும்.

சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். இதில் போகிமான் எவ்வளவோ தேவலை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் விளையாடுவது பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் என்கிற துப்பாக்கிச் சண்டை கேம்கள்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு ஆடி அமாவாசை அன்று அக்னி தீர்த்தக் கரையில் இருந்தேன். ஈர வேட்டியோடு ஒருவர் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். விரலில் தர்ப்பை, கையில் எள்ளும் தண்ணீரும். புரோகிதர் அப்பா பெயரைக் கேட்க, அவர் பெயரைச் சொன்னார், குரல் உடைந்தது. பின்னால் படிக்கட்டில் நான்கு பையன்கள் ஸ்பீக்கரில் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். சரியாக அந்த நேரத்தில் ஒருவன் "செத்துட்டான்டா, செத்துட்டான்டா, விடாதே" என்று கத்தினான். அவன் கெட்ட பையன் இல்லை. அவன் தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கத்தான் அந்தக் குடும்பமும் வந்திருந்தது. அவன் இருந்தது வேறு ஊரில், வேறு சண்டையில். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "தம்பி, அங்கே ஒருத்தர் அவங்க அப்பா பேரைச் சொல்லிட்டு இருக்கார்ப்பா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நான்கு பேரும் போனை அணைத்தார்கள். அதட்டியிருந்தால் அணைத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

உங்கள் மகனுக்கு நான் சொல்லக்கூடியது இந்த அனுபவத்திலிருந்து வருகிறது. பக்கத்தில் யாருக்காவது இது துக்கத்தின் இடமா என்று தலையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பூ, மெழுகுவர்த்தி, எள், கும்பிட்ட கை, கழற்றி வைத்த செருப்பு, பேச்சைக் குறைத்துக்கொண்ட ஒரு கூட்டம், இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் போன் பைக்குள் போக வேண்டும். அப்புறம் ஒரு தொழில்நுட்ப விஷயம், அவனுக்குத் தெரிந்தே இருக்கும்: திரையில் ஸ்டாப்பைச் சுழற்றிப் பயன்படுத்த இப்போது 80 மீட்டர் தூரத்தில் நின்றால் போதும். முன்பு 40 மீட்டராக இருந்ததை 2020-இல் கொரோனாவுக்காகக் கூட்டினார்கள், பிறகு குறைக்கப் பார்த்தபோது விளையாடுகிறவர்களே சண்டை போட்டு நிலைக்கச் செய்தார்கள். ஆகவே சர்ச்சுக்குள் கால் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. கடைகள் இருக்கிற பக்கம் நின்றே முடித்துக்கொள்ளலாம். கேமராவில் உருவத்தை நிஜ இடத்தில் காட்டுகிற வசதியை அணைத்துவிட வேண்டும். பீடத்தின்மேல் ஒரு பொம்மை உட்கார்ந்திருக்கிற படத்தை அவன் நண்பர்களுக்கு அனுப்பினால் அது எங்கெங்கே போகும் என்று சொல்ல முடியாது. சவுண்டையும் அணைத்துவிடட்டும். அங்கே சிக்னல் வரும், போகும், அந்தத் தடுமாற்றத்தில் சத்தம்தான் முதலில் கேட்கும்.

எல்லா இடத்துக்கும் இதே அளவு இளக்கம் கிடையாது. பேக்கரும்பில் உள்ள கலாம் நினைவிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஜூலை 30 அன்று அவரை அடக்கம் செய்த இடம் அது. இரண்டு வருடம் கழித்து, 2017 ஜூலை 27-இல் மண்டபம் திறந்தார்கள். உள்ளே ராக்கெட் மாதிரிகளும் படங்களும் இருப்பதால் பிள்ளைகள் அதை அறிவியல் கண்காட்சி என்று நினைத்து ஓடுவார்கள். நடுவில் இருப்பது ஒரு மனிதரின் கபர், அதாவது கல்லறை. அங்கே கையேந்தி துஆ செய்கிறவர்கள் தினமும் உண்டு. உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள், கேமுக்கும் அங்கே வேலையில்லை. ராமேஸ்வரம் கோயிலுக்குள் போனே போகக்கூடாது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழகக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்ன உத்தரவு அது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ஏதாவது மையவாடியிலோ (முஸ்லிம்களின் அடக்க இடம்), பாம்பன், தங்கச்சிமடம் கல்லறைத் தோட்டத்திலோ ஏதோ அரிய உருவம் வந்திருக்கிறது என்று கேம் காட்டினாலும் வாசலைத் தாண்டக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. அது வீட்டார் வந்து போகிற இடம், சுற்றுலாத் தலம் அல்ல.

கேமுக்கே தெரியாத இடங்களும் இந்தக் கரையில் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். ஓட முடியாமல் இறந்தார்கள். ஏர்வாடி தர்காவுக்கு வருகிற வெளியூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? போர்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மரியாதை என்றால், இப்படிப்பட்டவர்களுக்கு ஒருநாளும் மரியாதை கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். நான் வக்கீல் இல்லை, அதனால் இதைப் பொதுவான விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடக்க இடத்திலோ வழிபாட்டிடத்திலோ அத்துமீறி நுழைவது குற்றம் என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 297-ஆவது பிரிவு சொன்னது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 301. ஆனால் மனம் புண்படுத்தும் எண்ணமோ, புண்படும் என்ற தெரிதலோ இருந்தால்தான் அது பொருந்தும். ஒன்றும் தெரியாமல் இடிந்த சர்ச்சில் கேம் விளையாடிய பையன்மேல் அது பாயும் என்று பயப்படத் தேவையில்லை. இப்போது நீங்கள் இருவரும் தெரிந்துகொண்டீர்கள் என்பது வேறு விஷயம்.

கடைசியாக, அந்த ஸ்டாப்பையே எடுத்துவிடச் சொல்லி எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதலாம். கேமின் உதவிப் பகுதியில் ஓர் இடத்தைப் பற்றிப் புகார் சொல்ல வழி உண்டு. மையவாடி, கல்லறைத் தோட்டம் என்றால் நானே எழுதச் சொல்வேன். தனுஷ்கோடிச் சர்ச்சுக்கு மட்டும் எனக்கு மனம் வரவில்லை. இது என் சொந்த அபிப்பிராயம், எங்கள் ஊரிலேயே இதற்கு எதிராகப் பேசுகிறவர்கள் உண்டு. வேனிலிருந்து இறங்கி நேராக அரிச்சல்முனைக்கு ஓடுகிற பிள்ளைகளில் சிலர் இந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவதே அந்த ஸ்டாப்புக்காகத்தான். அதைத் தட்டினால் ஒரு போட்டோவும் ஒரு வரி விளக்கமும் வரும். அந்த ஒரு வரியை அவர்கள் படிக்கிறார்கள். பல ஸ்டாப்புகளில் அந்த வரி காலியாக இருக்கும், அல்லது "பழைய சர்ச்" என்ற அளவில் நிற்கும். போதிய லெவல் எட்டிய விளையாட்டுக்காரர்கள் அதைத் திருத்தி அனுப்ப முடியும். உங்கள் மகனுக்கு அந்த லெவல் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அடுத்த விடுமுறையில் அவனை அந்தச் சங்கு விற்கும் அம்மாவிடம் கூட்டிப்போங்கள். காலையிலேயே வந்துவிடுங்கள், சாயங்காலமானால் சோதனைச் சாவடியில் வண்டியை உள்ளே விடமாட்டார்கள். என்ன எழுதலாம் என்று அவரையே கேட்கட்டும்.